ஒரே போர்வெல்

இருபத்திரண்டு வயதுவரை
நான் சிரிக்கும் முன்பே கை முந்திக்கொள்ளும்.
வாயை மூடிய பிறகுதான்
சிரிப்புக்கு அனுமதி.

பாலக்கோட்டுக்கு மேற்கே எங்கள் ஊரில்
எல்லோர் பல்லும் இப்படித்தான்:
துருப்பிடித்த தகரம் போல,
டீ சிந்திய காகிதம் போல.
ஊருக்குள் அது ஒரு விஷயமே இல்லை.
பஸ் ஏறினால்தான் கறை.

ஓசூர்க் கம்பெனியில் இன்டர்வியூ.
ஏசி அறையில் ஒருத்தி கேட்டாள்,
"உங்களப் பத்திச் சொல்லுங்க."
உதடு பிரிக்காமல் எவ்வளவு சொல்ல முடியும்?
மார்சலின். பி.எஸ்சி. வேதியியல்.
அப்பா சந்தியாகு, தக்காளி மண்டியில் கூடை இறக்குபவர்.
அதற்குமேல் என்னைப் பற்றி
எனக்கே தகவல் இல்லை.

ராயக்கோட்டை வரை நின்றுகொண்டே வந்தேன்.
ஜெபிக்கவில்லை.
என்னத்துக்குப் படைச்ச என்று
ஜன்னல் கம்பியைப் பார்த்துக் கேட்டேன்,
அது ஜெபத்தில் சேருமா தெரியாது.

பிறகு வந்த வேலை ஆறு மாத ஒப்பந்தம்.
ஒரு பெட்டி, கண்ணாடிக் குப்பிகள், சிவப்புத் திரவம்.
ஊர் ஊராய்ப் போய்
குழாய்த் தண்ணீரில் அதைச் சொட்டவேண்டும்.
ஃபுளோரைடு இருந்தால்
சிவப்பு தோற்று மஞ்சளாகும்.
ஒன்றரைக்கு மேல் போனால்
சுவரில் எழுதிவிட்டு வரவேண்டும்.
வேலைதானே என்று செய்தேன்.
பெட்ரோல் காசு தனியாகத் தந்தார்கள்.

அந்த வருடப் பாஸ்கா இரவு.
விளக்கணைத்த கோயில்.
சாமியார் தண்ணீரை மந்திரித்து
வேப்பங்கொத்தை முக்கி எங்கள்மேல் வீசினார்.
ஒரு துளி உதட்டில் விழுந்தது.

அந்த ருசி எனக்குத் தெரியும்.
கோயிலுக்குப் பின்னால் இருக்கிற போர்வெல்.
மோட்டார் அறைச் சுவரில்
போன வாரம் நானே எழுதியது:
இரண்டு புள்ளி எட்டு.

நாற்பதாம் நாள்
என் நெற்றியில் ஊற்றியதும் இதுதான்.
கஞ்சியில் கலந்து
என் பல்லைத் தின்றதும் இதுதான்.
ஒரே மோட்டார்.
எனக்கென்று ஒரு சுத்தமான ஆற்றை
அவர் எங்கிருந்தும் திருப்பிவிடவில்லை.
இந்தத் தண்ணீருக்குள் இறங்கி நின்றுதான்
மார்சலின் என்று கூப்பிட்டிருக்கிறார்.
நான்தான் இத்தனை வருடம்
வேறு குழாயடியில் குடம் வைத்து
வரிசையில் நின்றிருக்கிறேன்.

சிரிப்பு வந்துவிட்டது.
ஒரு கையில் மெழுகுத்திரி,
மறு கை சுடருக்கு அணை.
வாய்க்கென்று கை மீதியில்லை.
முன்வரிசை ஸ்டெல்லா சித்தி
திரும்பிப் பார்த்து முறைத்தாள்.
அப்புறம் அவளும் சிரித்தாள்,
அதே பழுப்பில்.

பூசை முடிந்து சாமியாரிடம் போனேன்.
"சாமி, தீர்த்தம் நெத்தியோட நிக்கட்டும்.
பின்னாடி குழாயில யாரும் குடிக்கக் கூடாது."
மதுரைக்காரர், வந்து எட்டு மாதம்.
நாக்கால் தன் பல்லை ஒருமுறை தடவிக்கொண்டார்.
செவ்வாய்க்கிழமை
குழாய்க்கு மேல் பலகை ஏறியது.

ஜூனில், மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளி.
நாலாம் வகுப்பு கௌசிகா
குப்பி நிறம் மாறுவதைக் கண்டு சிரித்தாள்.
கை வாய்க்குப் போயிற்று.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
நான் எதையும் போதிக்கவில்லை.
குந்தி உட்கார்ந்து பல்லைக் காட்டினேன்.
கிட்ட வந்து எண்ணிப் பார்த்தாள்.
"உங்களுக்கு என்னவிட ஜாஸ்தி மிஸ்,"
தோற்றவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல.

ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது.
அப்புறம் என்ன, இன்னும் யாரும் சொல்லவில்லை.
எங்கள் தெருவுக்கும் அந்தப் பள்ளிக்கும்
ஒகேனக்கல் குழாய் கேட்டு
கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுகிறேன்.
மனுதாரர் பற்றிய விவரம் என்று
ஒரு சின்னக் கட்டம்.
மார்சலின், தண்ணீர் பார்க்கிறவள்
என்று ஆரம்பித்தேன்.
இடம் பத்தவில்லை.
ஓரத்திலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.