அறுபத்தொன்றாம் சேர்மம்

தரமணியில் மழை இறங்கும் ஐப்பசி இரவுகளில்
என் வேலை கெட்டுப்போகும்.
ரப்பர் மூடி, கால்சியம் குளோரைடு குழாய், நைட்ரஜன் பலூன்,
எல்லாக் காவலையும் தாண்டி
வங்கக்கடல் ஒரு சொட்டு
குடுவைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பல்லின வளையம் என்கிறது கலைச்சொல் அகராதி.
கார்பன்கள் கைகோத்து நிற்கும் வட்டத்தில்
வேறு ஊர்க்காரனாய் ஒரு நைட்ரஜன்,
சில சமயம் ஒரு கந்தகம்.
டைடல் பார்க் வாசலில்
ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்ளும் கடைசி ஆள்.
அவன் எந்தப் பக்கம் ஒண்டுகிறானோ
அந்தப் பக்கம் சாய்கிறது மொத்த வண்டியும்.

எட்டு வருடமாக அப்படிப்பட்ட வளையங்களைக் கட்டுகிறேன்.
அடினோசின் வந்து அமரும் இடத்தில்
முன்னதாகப் போய் அமர்ந்து
எழ மறுக்க வேண்டும் அவை.

பகலெல்லாம் விழித்திருந்த மூளையில் துளித்துளியாய்ச் சேர்ந்து
போதும், படு என்று சொல்வது அடினோசின்.
அந்தச் சொல் உள்ளே போகாமல்
வாசலை அடைத்து நிற்பது காபி.
இப்படித்தான் விளக்கினேன்,
வேளச்சேரியில் வாடகைக்கு வீடு காட்டியவரிடம்.
"அப்ப காபி கம்பெனியா?" என்றார்.
நடுக்குவாதத்துக்கு மருந்து ஆகலாம் என்று சொல்லவில்லை.
ஆகலாம் என்பது எவ்வளவு நீளமான சொல் என்று
நிதிக்கு விண்ணப்பம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

அறுபத்தொன்றாம் சேர்மம்
வெளிறிய மஞ்சள்.
உருகுநிலை இருநூற்றுப் பதினான்கு.
புற ஊதா விளக்கின் கீழ் ஒரே புள்ளி.
ஒரே புள்ளி!
இரவு ஒன்றே முக்காலுக்குக் கத்தியது நான்தான் என்பது
வாட்ச்மேன் ஜெயசீலன் வந்து டார்ச் அடித்தபோது தெரிந்தது.

அன்று குடித்த காபி ஐந்து.
நெஞ்சுக்குள் ஓடத் தொடங்கிய தையல் மிஷின்
நிற்கவே இல்லை.
ஜெயசீலன் பிடித்த ஆட்டோ
மத்திய கைலாஷ் சிக்னலை மதிக்கவில்லை.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. திரையில் நூற்றுத் தொண்ணூறு.
ஃபர்ஹானா என்று பெயர் குத்தியிருந்த பயிற்சி மருத்துவர்,
என்னைவிடத் தூக்கம் கெட்டவர், கேட்டார்:
"காபி, டீ ஏதாவது குடிச்சீங்களா?"
"அஞ்சு."
"அப்ப கூடப் போட வேண்டி வரலாம்.
ஒரு மாதிரி இருக்கும். உடனே போயிடும், பயப்படாதீங்க."

குப்பியின் மேலிருந்த பெயரைத்
தலைகீழாகவே படித்துவிட்டேன்.

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதன் ஐந்து நைட்ரஜனும் தெரியும்,
பள்ளத்துக்குள் அது சாயும் கோணம் தெரியும்,
ரத்தத்தில் அதன் அரை ஆயுள்
பத்து வினாடிக்கும் குறைவு என்பதும்.

இது தெரியாது:
மார்பின் மேல் யாரோ ஓர் இரும்பு பீரோவை
மெல்ல இறக்கி வைப்பது.
காதுவரை ஏறும் சூடு.
திரையில் கோடு நேராகிப் போவதை
அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரியே
பார்த்துக்கொண்டிருப்பது.

யார் யாரையெல்லாம் நினைத்தாய் என்று
பிறகு எல்லோரும் கேட்டார்கள்.
யாரையும் இல்லை.
ஆய்வகத்தில் சூடேற்றியை அணைக்காமல் வந்துவிட்டேனே
என்று நினைத்தேன்.

ஒரு துடிப்பு.
இடைவெளி.
இன்னொன்று. பிறகு வரிசையாக,
என் உதவித்தொகையைவிட ஒழுங்காக.

மூன்று வாரம் கழித்து
ஹைதராபாத்திலிருந்து வந்தது முடிவு.
பத்தாயிரம் நானோமோலாருக்கு மேல்.
உட்காருவது இருக்கட்டும்,
வாசல் பக்கமே போகவில்லை அறுபத்தொன்று.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: பிணையவில்லை.
அதற்குக் கீழே, கொஞ்சம் சாய்வாக:
ஃப்யூரான் வளையத்தை வைத்துப் பார்க்கலாம்.
ஆகலாம் போலவே இன்னொரு சொல், பார்க்கலாம்.

கதவிடுக்கில் ஜெயசீலன் தலை.
"இன்னிக்கு எத்தனையாவது மேடம்?"
காபியைக் கேட்கிறாரா, சேர்மத்தையா?
ரெண்டாவது என்றேன்.
வெளியே மழை விட்டிருந்தது.
நாளைக்கு வேண்டிய குடுவைகளை
உலர்த்தும் அடுப்பில் கவிழ்த்தேன்.