பச்சை டாங்கி

ரிச்சி தெருவில் எண்ணூறு சொன்னான்,
அறுநூறுக்குக் கொடுத்தான்.
உள்ளங்கைப் பெட்டிக்குள் ஐந்நூறு ஆட்டம்,
ஒயரோடு இன்னொரு கை இலவசம்.
மெட்ரோவிலேயே தேடத் தொடங்கிவிட்டேன்
முப்பத்தொன்பது வயதில்,
மடியில் ஆபீஸ் பை, பைக்குள் மீந்த தயிர்சாதம்.

நூற்றுப் பதினேழாவதாக இருந்தது.
செங்கல், செங்கல், தண்ணீர், செங்கல்.
அடியில் நடுவே, சுவர் கட்டி உட்காரவைத்த பறவை.
கழுகு. இப்போதுதான் தெரிகிறது.
அயனாவரம் ரயில்வே குவார்ட்டர்ஸில்
அது கிளி.

மஞ்சள் டாங்கி தயாளனுக்கு, பச்சை எனக்கு.
மூத்தவன் ஒன்று, இளையவள் இரண்டு,
இதில் கேட்க என்ன இருக்கிறது என்பான்.
கேசட்டை ஊதும் உரிமையும் அவனுக்கே.
கொதிக்கும் அடாப்டரை ஈரத்துணியால் ஒற்றி
அம்மாவிடம் அடி வாங்கியது நான்.

இரண்டாவது கையில் நிறுத்தும் பொத்தான் கிடையாது.
ஒன்றுக்கு வந்தாலும் சரி,
அடுப்பில் பால் பொங்கினாலும் சரி,
"தயா, நிறுத்துடா" என்று அவனைத்தான் கெஞ்ச வேண்டும்.
நிறுத்துவான்,
என் உயிர் ஒன்று போன பிறகு.

கூட்டாளியைச் சுட்டால் சாகமாட்டான் அதில்.
நின்ற இடத்திலேயே
மினுக் மினுக்கென்று கொஞ்ச நேரம் கிடப்பான்.
வேண்டுமென்றே சுட்டிருக்கிறேன், எத்தனையோ மதியம்.
கிளி மேல் குண்டு பட்டால்தான் எல்லாம் முடியும்,
எதிரி குண்டானாலும் நம் குண்டானாலும்.

அப்பா ரிட்டயராகி வாங்கிய கொரட்டூர் வீட்டை
விற்ற அன்று, பத்திர ஆபீஸ் வாசலில்,
அவன் ஒன்று சொன்னான்,
நான் ஒன்று சொன்னேன்.
நாலு வருஷம்.
குடும்ப குரூப்பில் தீபாவளிக்கு
இரண்டு பேரும் ஒரே விளக்குப் படத்தை அனுப்புகிறோம்,
மற்றவர்களுக்கு.

முகப்பேரில் மழை பிடித்துக்கொண்டது.
டிவியில் ஒயரைச் செருகி
'இரண்டு பேர்' என்பதை அழுத்தினேன், ஏனென்று தெரியாமல்.
இன்னொரு கை சோபாவில் கிடந்தது.
திருப்பிப் பார்த்தேன்,
இன்றைக்கும் அதில் நிறுத்தும் பொத்தான் வைக்கவில்லை.

பச்சை டாங்கி பிறந்த இடத்தில் அப்படியே நிற்கிறது.
மஞ்சளை ஓட்டிக்கொண்டு நான்
மேலிருந்து இறங்குகிறவர்களை விரட்டுகிறேன்.
இவ்வளவு வேலையா இருந்தது இவனுக்கு?
இடமும் பார்க்க வேண்டும், வலமும் பார்க்க வேண்டும்,
கிளியையும் பார்க்க வேண்டும்,
அசையாமல் நிற்கும் பச்சையையும்.

திரும்பும் அவசரத்தில் என் குண்டே அதன்மேல் பட்டது.
மினுக். மினுக்.
நிறுத்தினேன்.
முதல் முறையாக, நானே.

திரையைப் போட்டோ எடுத்தேன். கோணலாக வந்தது,
மூலையில் டியூப்லைட் வெளிச்சம்.
அனுப்பிவிட்டேன், ஒரு சொல்லும் எழுதாமல்.

இரண்டு கோடும் நீலமாயின.
டைப் செய்கிறான் என்று காட்டியது.
போய்விட்டது.
மறுபடி காட்டியது.
போய்விட்டது.

பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல்
உட்கார்ந்திருக்கிறேன்.