மூன்றாம் அட்டவணை

ஒரே ஒரு காலியிடம், ஒன்பது பேர்.
பல்கலை நகரில் மே மாதம்.
நாகமலை பகலெல்லாம் சேர்த்த சூட்டை
மின்விசிறி அறைக்குள் பரிமாறிக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பீங்க மேடம்?" என்று
வராந்தாவில் ஒரு பெண் கேட்டாள்.
மதிப்பெண் என்றேன்.
பொய்யில்லை.
பேருந்து நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர் அளவுக்கு உண்மை.

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
பாட அறிவு, ஆங்கிலம், ஆய்வுத் திட்டம், நடத்தை.
நான் தேடுவதற்குக் கட்டம் இல்லை.
தேடுவது என்னவென்று எனக்கே
அன்று பகல் பன்னிரண்டு வரை தெரியாது.

முதலில் தங்கப்பதக்கம்.
கேட்டதைச் சொன்னான், கேட்காததையும் சொன்னான்.
தெரியாது என்ற ஒரு சொல்
அவன் வாய்க்கு வழி கேட்டு வரவே இல்லை.
அடுத்தவளிடம் எந்தத் தலைப்பில் விருப்பம் என்றேன்.
"நீங்க எது குடுத்தாலும் மேடம்."
பயமாக இருந்தது.
ஐந்து வருடம்,
எது கொடுத்தாலும்.
மூன்றாமவர் சிபாரிசுக் கடிதமும்
கீழமாசி வீதி அல்வா டப்பாவும் கொண்டுவந்தார்.
கடிதத்தை வாங்கிக்கொண்டு அல்வாவைத் திருப்பியதில்
அலுவலக உதவியாளர் முகம்தான் வாடிப்போனது.

ஏழாவதாக வீரணன்.
வாலாந்தூர். வயது முப்பத்தொன்று.
பால் பண்ணை ஆய்வகத்தில் இரவு வேலை.
விடிய விடியக் கொழுப்பு அளந்த கண்கள்.
பேருந்துச் சீட்டைக் குழலாய்ச் சுருட்டி
விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே பேசினான்.
வடபழஞ்சிக் கண்மாய் பற்றிய என் கட்டுரையை
நகலெடுத்து நான்காய் மடித்து வைத்திருந்தான்;
மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது.

"தப்பா நினைக்காதீங்க மேடம்.
மூணாவது அட்டவணையைக் கூட்டினா
நூத்தி நாலு சதவீதம் வருது."

துறைத்தலைவர் இருமினார்.
எனக்குள் முதலில் எழுந்தது கோபம்தான்,
அதை அழகுபடுத்த மாட்டேன்.
எட்டு வருடம்.
மேற்கோள் காட்டியவர்கள் பதினேழு பேர்,
மதிப்பீட்டாளர் இருவர்,
அப்புறம் நான்.
ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.
"பாக்கிறேன், நீங்க போலாம்" என்றேன்.
நடத்தைக்குப் பத்துக்கு ஐந்து போட்டேன்.

வெயில் தாழ்ந்து எல்லோரும் போனபின்
மணல், வண்டல், களிமண்
மனதில் கூட்டினேன்
காகிதத்தில் கூட்டினேன்
கால்குலேட்டரைத் தேடி எடுத்தும் கூட்டினேன்.
கண்மாய் கொள்ளாத நாலு சதவீதம்
எட்டு வருடமாய் என் பெயரில்
கரை வழிந்துகொண்டிருக்கிறது.

பதக்கத்தின் பெயருக்கு நேரே
துறைத்தலைவர் டிக் அடித்திருந்தார்,
என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.
வேலைக்குப் போகிற வழியில் இருந்தான்.
பின்னால் காளவாசல்:
ஹாரன், நடத்துநர் விசில்,
சில்லறைக்கு யாரோ சண்டை.

"நீங்க சொன்னது சரி" என்றேன்.

"கேக்கல மேடம், சத்தமாச் சொல்லுங்க."

என் அறைக்கதவு திறந்துதான் இருந்தது.
"நீங்க சொன்னது சரி, வீரணன்.
நூத்தி நாலுதான் வருது.
என் தப்பு."

பக்கத்து அறையில்
துறைத்தலைவர் பையின் ஜிப்
பாதியில் நின்றது.