ஒரு கையால்

பர்கூர் ரோட்டுப் பட்டறையில்
கரண்டு போனது பதினொன்றேகாலுக்கு.
பாதி அறுத்த சமையல்மேடைக் கல்லின்மேல்
கட்டிங் மெஷினைப் போட்டுவிட்டு
டீக்குப் போனான் திம்மராயன்.

சுவிட்ச் ஆனிலேயே இருந்தது.

நான் பில் எழுதுகிறவள்.
கல்லைப்பற்றி ஒன்றும் தெரியாது.
போன கரண்டு
சொல்லிவிட்டு வராது என்பது தெரியும்.
பிளக்கைப் பிடுங்கி
இடது கையில் வைத்துக்கொண்டேன்:
கல்தூள் அப்பிய
இரண்டு பித்தளைப் பல்.

கால்மணி கழித்து ஃபேன் சுற்றியது,
ரேடியோ பாதிப் பாட்டில் கத்தியது,
மெஷின் கிடந்த இடத்தில் கிடந்தது.

"யாரு புடுங்குனது?"
வாயில் பன்னோடு வந்தான்.

ஆணியில் தொங்கிய பிளேடு கார்டைக் காட்டினேன்,
தீபாவளிக்குக் கழற்றியது.
அத மாட்டு, தரேன்.

ஸ்பேனரைத் தேடினான்.
ரொம்ப நேரம் தேடினான்.
அதற்குள் இரண்டு பில் எழுதி முடித்தேன்,
ஒரு கையாலேயே.