பத்து அங்குலம்

பயின்னவுங் சந்தை, ஏழாம் வரிசை,
உளுந்துத் தூசி துடைத்தும் போகாத மேசை.
சிக்கந்தர் பாய் கொடுத்த மடிக்கணினி
பத்தே அங்குலம்.
அதிலும் மேலே மூன்று விரற்கடையைப்
பொத்தான்களும் பட்டைகளும் பிடித்துக்கொள்ள
விலைப்பட்டியலுக்கு மிச்சம்
ஐந்து வரி.

தூத்துக்குடியில் உளுந்து என்ன போகிறதென்று பார்க்க
ஐந்து வரி போதாது.
ஆறாவது வரியில்தான் எப்போதும்
விலை இறங்கியிருக்கும்.

முதலில் வீட்டுப் படம் போட்ட பொத்தானைத் தூக்கினேன்.
அதை அழுத்தினால் வருவது யார் வீடென்று
ஒருநாளும் எனக்கு விளங்கியதில்லை.
பிறகு தேடல் பெட்டி.
பிறகு, என்ன வேலை செய்கிறதென்று
யாருக்கும் தெரியாத ஒரு பட்டை.
இழுத்து இழுத்துக் கீழே போடப் போட
பட்டியல் ஒரு நூல், ஒரு நூலாய்
மேலே ஏறி வந்தது.

அடுத்தது புக்மார்க்குகள்.
எதுவும் என்னுடையதில்லை.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
ஞானமுத்து என்கிற கோ தெய்ன் ஸோ.
ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை.
அந்த மாதச் சம்பளம்
இன்னும் கவரோடு இழுப்பறையில் கிடக்கிறது.
நான் பார்த்ததே இல்லை அவரை.
எழுத்தை நூற்றைம்பது சதவீதத்தில் வைத்திருந்தார்,
அதனால் வெள்ளெழுத்து என்று தெரியும்.
நான் எண்பதாக்கினேன்.
பதினொரு வரி!

கால்பந்து முடிவுகள். அழித்தேன்.
மின்வெட்டு நேரம், அது இருக்கட்டும்.
பிரஷர் மாத்திரை எங்கே மலிவு என்று
மூன்று கடை. அழித்தேன்,
மூன்றாவதில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.
பெண் குழந்தைப் பெயர்கள், ந வரிசை.
அழித்தேன். இதற்குள் வைத்திருப்பார்கள்.
மேசோட்டிலிருந்து பேங்காக் போகும்
இரவுப் பஸ்ஸின் நேரம்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்து
மிச்சமிருந்த பெயர்களை நறுக்கினேன்.
நீளப் பெயர் இடத்தைத் தின்னும்.
உளுந்துக்கு உ. பாசிப்பயறுக்குப் பா.
துவரைக்குத் து. மின்வெட்டுக்கு மி.
டாலருக்கு டா என்று போட்டேன்.
தினமும் காலையில்
பெண்ணென்றும் பாராமல்
அதுதான் முதலில் என்னைக் கூப்பிடுகிறது.

பஸ்ஸுக்குப் பெயர் வைக்கவில்லை.
வலக்கோடிக்குத் தள்ளினேன்.
இடம் கொள்ளாதவை அங்கே
இரட்டை அம்புக்குள் போய்ப் படுத்துவிடும்.
அழியாது. கண்ணிலும் படாது.
குடிவந்த வீட்டுச் சுவரில்
யாரோ அடித்த ஆணியைப்
பிடுங்காமல் விடுவதில்லையா, அப்படி.
எதை மாட்டினார்கள் என்று
நான் திறந்து பார்த்ததில்லை.

நேற்று நல்ல மழை.
மாந்தளை வியாபாரிக்கு விலை காட்டப்
பாயே உட்கார்ந்துவிட்டார்.
‘என்னம்மா ஜெசிந்தா, கடையைக் காலி பண்ணிட்டியா?
வீடு எங்க?’
‘தூக்கிட்டேன் பாய்.’
தடித்த விரல் அவருக்கு.
அம்பில் பட்டது. அதற்குள்ளே
பெயரில்லாததில் பட்டது.
வெள்ளையாய் ஒரு பக்கம்.
நடுவில் தாய்லாந்து எழுத்தில் ஒரு வரி,
அதற்கடியில் நானூற்று நான்கு.

‘நெட் போச்சா?’

‘போயிருக்கும் பாய்.’

அவர் எழுந்துகொண்டார்.
மாந்தளைக்காரர் அதற்குள்
தன் போனிலேயே விலை பார்த்து முடித்திருந்தார்.

நாலு மணிக்கு எங்கள் பிரிவுக்குக் கரண்ட் போனது.
பேட்டரி பதினெட்டு.
தகரத்தில் மழை, உள்ளே இருட்டு.
எண்பதில் எட்டும் மூன்றும் ஒன்றாய்த் தெரிகின்றன.
கொஞ்சம் பெரிதாக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.
எத்தனையில் நிறுத்தினேன் என்று பார்க்கவில்லை.
கடைசி வரிகள் திரைக்குக் கீழே போய்விட்டன.

உருட்டினேன்.
இறங்கித்தான் இருந்தது.