இடது முழங்கால் நீங்கலாக

விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில்
ஒரு மனித உருவம் அச்சிட்டிருந்தார்கள்.
முகம் இல்லை, துணி இல்லை.
வலி உள்ள இடத்தை வட்டமிடவும்.
ஹாலிஃபாக்ஸில் முப்பத்தோரு வருடம்
லிஃப்ட் குழிகளுக்குள் மண்டியிட்டவன் நான்.
பொய் சொல்ல வரவில்லை.
இடது முழங்காலை வட்டமிட்டேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நேலிடா
பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தாள்,
காப்பியடிக்கத் தெரியாத பையனைப்
பரீட்சை ஹாலில் பார்ப்பது போல.

மூன்று வாரம் கழித்துக் கடிதம்.
மருத்துவச் சங்கம் என்னைச் சேர்த்துக்கொள்கிறது,
கண், காது, கல்லீரல்,
எங்கே இருக்கிறதென்று நானே அறியாத கணையம்,
வலது முழங்கால் உட்பட.
இடது முழங்கால் நீங்கலாக.
அதுவும் தற்காலிகம்தான்.
வசிப்புரிமை அட்டை நவம்பர் ஒன்பதுக்குள் வந்தாக வேண்டும்.
பத்தாம் தேதி எனக்கு எழுபது.
எழுபதுக்கு மேல் புது ஆள் எடுப்பதில்லை அவர்கள்.

காலூன்ற வந்தவனை உள்ளே விட்டுக்
காலை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து அதைத் தனி ஆளாகவே நடத்துகிறேன்.
படியில் முதலில் போகச் சொல்கிறேன்.
இரவில் அதற்கென்று ஒரு தலையணை.
மாதம் ஒருமுறை பிரியாபோலிஸிலிருந்து
மோன்டேவிடேயோவுக்கு பஸ் ஏறுகிறோம்,
நானும் அதுவும்.
மொழிபெயர்ப்பில் என் அம்மாவின் பெயருக்கு
ஓர் எழுத்து கூடிவிட்டது.
அந்த எழுத்தை எடுக்க நான்கு மாதம்.
போன முறை, ஜன்னல்காரன் சிரித்த முகமாகச் சொன்னான்:
உங்கள் கோப்பு நடந்துகொண்டிருக்கிறது.
எந்தக் காலால் என்று கேட்க
என் ஸ்பானிஷ் போதவில்லை.

ஆகஸ்ட் மழை.
மழை பெய்தால் இங்கே மாவைத் தட்டி எண்ணெயில் போடுவார்கள்,
தெரு முழுக்க வாசனை.
பக்கத்து வீட்டு மிர்தா ஜன்னல் வழியே கூப்பிட்டாள்.
பத்தடி தூரம்.
நடைபாதையில் ஒரு கல் ஆடும், மிதித்தால் தண்ணீர் துப்பும்,
ஊருக்கே தெரிந்த கல்.
எனக்கும் தெரியும்.

வாஷிங்டன் ஓடி வந்தான்.
(இந்த ஊரில் அது சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவனின் பெயர்.)
ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் சின்னப் பெண்,
தலைமுடி சொட்டச் சொட்ட
படிவத்தை முட்டியில் வைத்துக்கொண்டு கேட்டாள்,
எது முதலில் தரையில் பட்டது?

நான் வாயைத் திறந்தேன்.
மணிக்கட்டு, என்றான் வாஷிங்டன்.
மணிக்கட்டுதான், நான் பார்த்தேன், என்றாள் மிர்தா,
கையில் எண்ணெய்க் கரண்டி,
முதுகுப் பக்கம் அடுப்பு.
அவர்கள் நாய் மட்டும் வந்து
என் இடது முழங்காலையே முகர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் நாயைப் பார்த்தாள்.
கால்சட்டையின் கிழிசலைப் பார்த்தாள்.
பிறகு எழுதினாள்: மணிக்கட்டு.
உண்மையில் மணிக்கட்டும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.
கட்டுப் போட்டாள், சூடாக ஒரு துண்டு வாங்கித் தின்றாள்,
போகும்போது பேண்டேஜ் சுருள் இரண்டை
மேஜையில் மறந்துவிட்டாள்.
அத்தனை நீளம் எந்த மணிக்கட்டுக்கும் வேண்டியதில்லை.

பொய் சொல்ல வரவில்லை என்றேன் அல்லவா.
அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
இதைப் பதிவுசெய்ய எந்தப் பக்கத்திலும்
உருவம் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

இன்னும் பதினோரு வாரம்.
வியாழக்கிழமை நேலிடாவிடம் போக வேண்டும்,
டோக்கன் எழுபத்திநான்கு.
வீக்கம் வடியவில்லை, நொண்டாமல் முடியாது.
ஆகவே அடுப்பிலிருந்து கதவு வரை,
கதவிலிருந்து அடுப்பு வரை
பழகிப் பார்க்கிறேன்,
காப்பீடு உள்ள காலால் நொண்டுவதற்கு.