காதும் காதும் வைத்த மாதிரி

முழங்கால் உயரம். எடை நாற்பத்தொரு கிலோ.
வலக்கை மணிக்கட்டோடு போயிருக்கிறது.
அஞ்சேல் என்று சொன்ன கையாக இருக்கும்;
யாரிடம் சொன்னது என்று இனித் தெரியாது.
மூக்கு நுனியில் பழைய உடைவு.
முதுகில் உளித்தடம், புதியது
என்று எழுதிவிட்டு
'புதியது' என்பதை அடித்தேன்.

சாப்லோன் சதுக்கத்து மழை
கடைக் கண்ணாடியில் வழிகிறது.

படிவத்தில் 'வந்த வழி' என்றொரு கட்டம்.
அதை முதலாளி வெர்ஹெல்ஸ்ட் தாமே நிரப்புவார்:
கெண்ட் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று முதல்.
பல் மருத்துவர் இறந்துவிட்டார்.
எங்கள் மருத்துவர்கள் எல்லோரும்
இறந்துபோனவர்கள்.

என் வேலை அழுக்கெடுப்பது.
பன்றிமயிர்த் தூரிகை, மூங்கில் குச்சி,
உமிழ்நீர் தோய்த்த பஞ்சு.
ஆமாம், உமிழ்நீர்தான். கல்லுக்கு அதைவிட இதமான மருந்தில்லை.
பதினோரு வருடமாக
எச்சில் தொட்டுத்தான் தெய்வங்களைத் துடைக்கிறேன்.
ஒருவரும் கோபித்ததில்லை.

சாம்பல் பச்சைக் கல்.
விளக்கைச் சாய்த்தால்
மேலாடை மடிப்பெங்கும் காக்காப்பொன் மினுக்குகிறது.
தோளுக்குத் தொங்கும் இடக்காதுக்கும் கழுத்துக்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுழையாத சந்தில்
ஒரு குளவிக்கூடு.

மூன்று அறை.
இரண்டு திறந்திருந்தன. ஒன்று மூடிக்கிடந்தது.

அறுபது வருடம் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர் காதில்
யார் வந்து மண் குழைத்தது?

வெர்ஹெல்ஸ்ட் பதறவில்லை.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
போனில் தேடி வாசித்துக் காட்டினார்:
இமயத்து அடிவாரக் குளவி ஒன்று
எப்படியோ ஐரோப்பாவுக்கு வந்து
இப்போது நம் வீட்டுத் திரைச்சீலையிலும்
புத்தக அலமாரியிலும் கூடு கட்டுகிறதாம்.
"பார் ஓடில், இது இங்கேயே பிறந்த குளவி."

அந்தக் குளவிக்கு
வந்த வழி எழுதக் கட்டம் இல்லை.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.
அதுதான் தொல்லை.
நனைத்த மண்ணிலும் காக்காப்பொன் பொடி மின்னியது.
கல்லிலிருந்து உதிர்ந்ததா,
ஏதோ ஒரு ஆற்றங்கரையிலிருந்து
குளவி வாயில் வந்ததா?

பெட்டி செய்யும் ஜர்வாலி அளவெடுக்க வந்தான்.
ஸ்வாத் பக்கத்துக்காரன். ஊரைப் பற்றிக் கேட்டால்
குளிர் என்பான். கொஞ்சம் பொறுத்து, ஆப்பிள் என்பான்.
அதோடு சரி.
கூட்டில் ஒரு துணுக்கைக் கிள்ளி
விரல்களுக்கிடையே நசுக்கி முகர்ந்தான்.
முகர்ந்தவன் அப்படியே நின்றான்,
அளவு நாடா தானாகச் சுருண்டு
டப்பென்று உள்ளே போகும்வரை.
பிறகு கேட்டான்:
"நுரை எத்தனை சென்டிமீட்டர் வைக்க?"

அவன் போனதும் மூடிய அறையை ஊசியால் திறந்தேன்.
எட்டுச் சிலந்திகள், கால் மடக்கி, நெருக்கியடித்து.
தியானம் போல இருந்தது என்று எழுத மாட்டேன்.
அவை தீனி. கொட்டி, முடக்கி, அடுக்கப்பட்டவை.
தின்ன வேண்டிய புழு
பிறக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒரு தம்பதி.
அவர்கள் வீட்டில் படிக்கட்டு திரும்பும் இடத்து மாடம்
காலியாக இருக்கிறதாம்.
அந்த அம்மாள் குனிந்து முகத்தையே பார்த்தார்.
கணவர் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.
"எதையும் கேட்காத முகம்" என்றார் அந்த அம்மாள்.
எங்களுக்கும் அதுவே வசதி.
பின்னறையில் காப்பி ஆறுவதற்குள்
காதும் காதும் வைத்த மாதிரி விலை படிந்தது.

அறிக்கையின் கடைசி வரி என்னுடையது:
'இடக்காதின் பின்புறம் சிறிது மண் படிவு. நீக்கப்பட்டது.'
செயப்பாட்டு வினை நல்ல வினை.
அதற்குள் ஒரு ஆள் முழுசாக ஒளிந்துகொள்ளலாம்.

நீக்கிய மண் ஒரு தீப்பெட்டியில்
என் கோட்டுப் பையில் இருக்கிறது.
டிராம் வளைவுகளில் லேசாகச் சத்தம் போடுகிறது.

மூடியை அடிக்கும்போது ஜர்வாலியைக் கேட்டேன்:
"அது உங்கள் ஊர் மண்ணா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.
உதட்டிடுக்கில் ஆறு ஆணி.
வாயைத் திறந்தால்
கீழே விழுந்துவிடும்.